மாலை கழற்றிய மறுநாள்

கேள்வி: கல்லிடைக்குறிச்சியில் ஒரு சிறிய குடிநோய் மீட்பு மையத்தில் ஆலோசகராக இருக்கிறேன். சமூகப்பணி படித்தவள். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் குழு சிகிச்சை நடத்துகிறேன். அப்பளக் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள், வயல் வேலைக்குப் போகிறவர்கள், ஆட்டோ ஓட்டுபவர்கள், ஓய்வுபெற்ற அரசு ஊழியர் என்று பல தரப்பினரும் வருகிறார்கள். சில மாதங்களுக்கு முன் அவர்களே ஒரு குத்துவிளக்கு கொண்டுவந்தார்கள். விளக்கேற்றி, திருநீறு பூசிக்கொண்டு கூட்டத்தை ஆரம்பிப்பது வழக்கமாகிவிட்டது. ஒரு மாதம் குடிக்காமல் இருந்தவருக்குக் கையில் கயிறு கட்டுகிறார்கள். அதற்குப் பிறகு வருகை கூடியது, மனம்விட்டுப் பேசுவதும் கூடியது. ஆனால் கிறிஸ்தவரான ஒருவர் விளக்கு ஏற்றி முடியும்வரை வாசலிலேயே நிற்கிறார். பெரியார் கொள்கைக்காரர் ஒருவர் “இது சிகிச்சையா, பஜனையா?” என்று கேட்டுவிட்டு இரண்டு வாரமாக வரவில்லை. போன கார்த்திகையில் சிலர் சபரிமலைக்கு மாலை போட்டார்கள். அத்தனை நாளும் ஒரு சொட்டு தொடவில்லை. மலையிலிருந்து வந்ததும் பொங்கலுக்குள்ளேயே இருவர் மறுபடி குடித்துவிட்டார்கள். அதில் ஒருவர் “சாமிக்குத் துரோகம் பண்ணிட்டேன், இனி எந்த முகத்தோட வர?” என்று கூட்டத்துக்கே வர மறுக்கிறார். மையத்தை நடத்தும் பெரியவரோ, எல்லாரையும் சாஸ்தா கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கற்பூரம் அணைத்துச் சத்தியம் வாங்கிவிடலாம் என்கிறார். நான் படித்த பாடத்தில் இதற்கெல்லாம் பதில் இல்லை. சடங்கைக் குழுவில் வைத்துக்கொள்ளலாமா, எடுத்துவிட வேண்டுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இப்போது இருக்கிற மாதிரியே வேண்டாம், கொஞ்சம் மாற்ற வேண்டும். கற்பூரச் சத்தியத்துக்கு மட்டும் எந்த நிலையிலும் சம்மதிக்காதீர்கள். ஏன் என்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த மாலையைப் பற்றிப் பேசுவோம். காலையில் கண் விழித்ததும் கடை திறக்கும் நேரத்தை எண்ணிக்கொண்டிருந்தவர் கார்த்திகை முதல் தேதி மாலை போடுகிறார். அடுத்த 41 நாள் தொடுவதில்லை. “இவனுக்குக் கட்டுப்பாடே கிடையாது” என்று வீடும் ஊரும் கைகழுவிவிட்ட அதே மனிதர்தான். பக்தி என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டால், குடிநோய் சிகிச்சை இதிலிருந்து கற்க வேண்டியதெல்லாம் கைநழுவிப் போய்விடும். அந்த 41 நாளில் அவருக்கு என்னென்ன கிடைக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். விடியுமுன் எழுந்து தாமிரபரணியில் குளியல். இடுப்பில் கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசிமணி. எதிரே வருகிறவர் யாராக இருந்தாலும் பார்த்தவுடன் தெரிந்துகொள்ளும் அடையாளம். நேற்றுவரை “ஏலே” என்று கூப்பிட்ட தெரு இன்று “சாமி” என்று கூப்பிடுகிறது. பழைய கூட்டாளிகூட “ஒரு கட்டிங் போடுவமா?” என்று கேட்கக் கூசுகிறான். சாயங்காலம் ஆறு மணிக்குக் கால் தானாகவே கடைப் பக்கம் போகும். இப்போது அந்த நேரத்தில் பஜனையில் உட்கார்ந்து சரணம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நேரத்துக்குச் சாப்பாடு, தரையில் பாய், நல்ல தூக்கம். தவறினால் கேட்பதற்குக் குருசாமி ஒருவர் இருக்கிறார். கூடவே அதே விரதத்தில் இருக்கும் பத்துப் பதினைந்து பேர்.

இவ்வளவும் ஒரே நாளில் அவர் கைக்கு வந்தது. மலையிலிருந்து திரும்பி, மாலையைக் கழற்றி வைக்கிற அந்த ஒரே நாளில் எல்லாம் போய்விடுகிறது. தெரு மறுபடி “ஏலே” என்கிறது. ஆறு மணி மறுபடி காலியாகக் கிடக்கிறது. அதிலும் மகரவிளக்குக்குப் போய்வருகிறவர்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. பெரும்பாலும் ஜனவரி 14 அன்று மகரஜோதி. நம் வீடுகளில் அப்போதுதான் பொங்கல். மாலை கழற்றிய கையோடு மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல், வெளியூரிலிருந்து வந்த மைத்துனர், மச்சான், கையில் பணம். ஆண்டில் அவர் மிகவும் பலவீனமாக இருக்கிற வாரமும் ஊரே கூடிக் குடிக்கிற வாரமும் ஒன்றாக வந்து விழுகின்றன. உங்கள் குழுவில் இருவர் சறுக்கியது அவர்களுடைய பக்தி போலி என்பதால் அல்ல. மாலை கழற்றிய பிறகு வரும் நாள்களுக்கென்று யாரும் எந்த ஏற்பாடும் செய்து வைக்கவில்லை.

குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் தசராவிலும் இதையே பார்க்கலாம். காப்புக் கட்டி வேஷம் போட்டு, ஊர் ஊராகக் காணிக்கை பிரித்துக் கோயிலில் சேர்க்கிற தசராக் குழுக்களில் குடியை மறந்து இருப்பவர்கள் ஏராளம். சூரசம்ஹாரம் முடிந்து காப்பு அவிழ்த்த பிறகுதான் பிரச்சினை. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு விரதமிருந்து போகிறவர்களும் அப்படியே. நம் வட்டாரத்தின் நாள்காட்டியிலேயே குடியை நிறுத்தும் நாள்கள் எழுதப்பட்டிருக்கின்றன. மறுநாள் என்ன செய்வது என்பது மட்டும் எழுதப்படவில்லை. உங்கள் குழு அதை எழுதட்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

மாலை போடுகிற நாளிலும் ஒரு ஆபத்து உண்டு. குடும்பங்களுக்கு அது தெரிவதில்லை என்பதால் அழுத்திச் சொல்கிறேன். பல ஆண்டுகளாகத் தினமும், அதிலும் காலையிலிருந்தே குடிப்பவர், ஒரு நாள் அதிகாலையில் திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது. கடைசிக் குடி முடிந்து ஆறு மணி நேரத்திலிருந்தே கை நடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை தொடங்கலாம். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு நேரம், இடம் தெரியாத குழப்பம் வரும். இல்லாத உருவங்கள் தெரியும், யாரோ பேசுவது கேட்கும், உடம்பு கொதிக்கும். மருத்துவத்தில் டெலிரியம் ட்ரெமன்ஸ் என்பது இதுதான். சிகிச்சை இல்லாவிட்டால் உயிர் போகும். இது மாலை போட்ட மூன்றாம் நாள் நடந்தால் வீட்டில் என்ன சொல்வார்கள்? “சாமி வந்திருக்கு” என்பார்கள், அல்லது “சாமி குத்தம்” என்பார்கள். திருநீறு போட்டு உட்காரவைத்துப் பொன்னான நேரத்தைக் கழித்துவிடுவார்கள். ஆகவே மாலை போட விரும்பும் ஒவ்வொருவரையும் ஒரு வாரமாவது முன்னதாக மருத்துவரிடம் அனுப்புங்கள். அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனை ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. தீவிரமானவர்களைத் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பலாம். தயமின் என்னும் பி1 வைட்டமின் ஊசியும், நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மாத்திரைகளும் சில நாள் கொடுத்தால் இந்தக் கட்டம் பத்திரமாகக் கடந்துவிடும். முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர் என்றால் உள்நோயாளியாகச் சேர்ப்பதே நல்லது. அந்த முதல் வாரத்தில் அவரைத் தனியாக ஆற்றில் இறங்கவும் விடாதீர்கள்; தண்ணீருக்குள் வலிப்பு வந்தால் காப்பாற்ற ஆள் இருக்காது. இந்த விவரத்தைக் குருசாமிகளிடமும் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். ஆலோசகர் சொல்லிக் கேட்காதவர்கள் குருசாமி சொன்னால் கேட்பார்கள்.

சரி, சடங்கு உண்மையிலேயே உதவுகிறதா? உலகத்தில் குடிநோய்க்கான குழு முறைகளில் மிகப் பரவலானது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரான் நகரில் பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரும் தொடங்கினார்கள். இருவரும் குடிநோயாளிகள். ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்திலிருந்து பிரிந்து வந்த அமைப்பு என்பதால் பிரார்த்தனையும் பாவ அறிக்கையும் அதன் உடம்பிலேயே இருக்கின்றன. கூட்டம் ஒரு பிரார்த்தனையோடு நடக்கும். குடிக்காமல் கழித்த காலத்துக்கு ஏற்ப ஒரு நாணயம் தருவார்கள். உங்கள் ஆள்கள் கட்டுகிற கயிறு செய்யும் வேலையைத்தான் அந்த நாணயமும் செய்கிறது. 2020இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பாய்வு 27 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 10,565 பேரையும் எடுத்துப் பார்த்தது. நோயாளிகளை முறையாக இந்தக் கூட்டங்களோடு இணைத்துவிடும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருக்கவைப்பதில் மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட நன்றாகவே இருந்தது. அந்தத் தொகுப்பாய்வின் முதன்மை ஆசிரியரான ஜான் கெல்லி, இது எப்படி வேலை செய்கிறது என்பதையும் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். பெரும்பாலானவர்களுக்கு நண்பர் வட்டம் மாறுவதே பெரிய காரணமாக இருக்கிறது. ஆன்மிக மாற்றம் முக்கியப் பங்கு வகிப்பது நோய் முற்றியவர்களிடம்தான்.

நம் மண்ணிலும் இதற்குச் சாட்சி உண்டு. தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் முத்துசாமி என்பவரின் சமாதிக் கோயிலில் வந்து தங்கும் கடும் மனநோயாளிகளை பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் ஆராய்ந்து 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். 31 பேர். சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். நோய்க் குறிகள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தன. அந்தக் கோயிலில் நோயை விரட்டவென்று தனிச் சடங்கு எதுவும் நடக்கவில்லை. எளிய வழிபாடு, பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற சின்ன வேலைகள், கூடவே வந்து தங்கிய உறவினர், யாரும் அருவருப்பாகப் பார்க்காத ஒரு முற்றம். அவ்வளவே. அது குடிநோய் ஆய்வு அல்ல; ஆனாலும் ஒரு புனித இடம் மனிதருக்கு எதைத் தருகிறது என்று புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

குடிநோய்க்கே உதாரணம் வேண்டுமென்றால் மஞ்சக்குடி இருக்கிறது. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டிடிகே மருத்துவமனை, 1989 முதல் சிகிச்சையைக் கிராமத்துக்கே கொண்டுபோய் முகாம் நடத்தியது. தஞ்சை வட்டாரத்து மஞ்சக்குடியில் ஊர்க்காரர்களே இடம் கொடுத்து, உணவு கொடுத்து, ஆள்களைச் சேர்த்துக் கொடுத்தார்கள். சொந்த ஊர் கண்முன்னாலேயே சிகிச்சை. முகாம் முடிந்த பிறகும் தொடர்ந்து வந்து பார்க்கும் ஏற்பாடு. அந்தப் பின்தொடர்தல்தான் எனக்கு இதில் முக்கியமாகப் படுகிறது. விரதத்தில் இல்லாத ஒன்று முகாமில் இருந்தது. எல்லாம் முடிந்த பிறகும் ஆள் வருவதுதான் அது.

இப்போது உங்கள் பெரியவரின் யோசனைக்கு வருகிறேன். அவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். சத்தியத்தையே மையமாக வைத்து நடக்கும் இடங்களும் உண்டு. தாய்லாந்தின் தம்கிராபோக் என்ற பௌத்த மடத்தில் 1959 முதல் போதை அடிமைகளுக்குச் சிகிச்சை நடக்கிறது. வந்தவுடன் சத்தியம் செய்ய வேண்டும். பிறகு துறவிகள் மூலிகை கொடுத்து வாந்தி எடுக்க வைப்பார்கள். அந்தச் சேவைக்காக 1975இல் மடத்தின் தலைவருக்கு மகசேசே விருது கிடைத்தது. அங்கே போகிறவர் தானாக முடிவெடுத்து, மடத்தின் வாசலைத் தேடிப் போகிறார். இங்கே வேனில் ஏற்றிக் கூட்டிப்போய்க் கற்பூரத்தின் முன் நிறுத்தப் போகிறீர்கள். நாலு பேர் பார்க்கிறார்களே என்று எல்லாரும் கையை நீட்டுவார்கள். அதில் ஒருவர்கூடத் தன் மனதால் நீட்டினாரா என்று உங்களுக்குத் தெரியாது.

அதைவிட மோசம், சத்தியம் உடைந்தால் நடப்பது. ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களில் இதைத் தெளிவாக விளக்கினார். ஒருபோதும் தொடமாட்டேன் என்று உறுதியெடுத்தவர் ஒரு முறை தவறிவிட்டால், அந்த ஒரு கிளாஸோடு நிற்பதில்லை. “எல்லாம் போச்சு, இனி என்ன?” என்ற குற்றவுணர்வே அடுத்த கிளாஸை எடுக்க வைக்கிறது. இதில் சாமியும் சேர்ந்துகொண்டால் பாரம் பல மடங்கு. உங்கள் குழுவுக்கு வர மறுக்கிறாரே அவர், யாரும் கேட்காமல் தனக்குத் தானே சத்தியம் செய்துகொண்டவர். அவருக்கே இந்த நிலை. பெரியவர் சொல்வதைச் செய்தால் குழுவில் பாதிப் பேர் இப்படி வீட்டுக்குள் உட்கார்ந்துவிடுவார்கள்.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் உங்கள் மையத்தில் தடை செய்யுங்கள். பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்வது. மனைவியும் மாமியாரும் கேட்பார்கள், அவரும் போதையில்லாத ஒரு காலைப்பொழுதில் செய்துவிடுவார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு குழந்தை, அப்பா குடித்தால் நான் செத்துவிடுவேன் என்று நம்பிக்கொண்டு பள்ளிக்கூடம் போகும். அதற்குச் சாதாரணக் காய்ச்சல் வந்தாலும் வீட்டில் எல்லார் முகமும் அப்பா பக்கம் திரும்பும். குடிநோய் குழந்தைகளுக்குச் செய்யும் கொடுமை ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது.

உங்கள் அறைக்குள் வருவோம். விளக்கு வேண்டும் என்று குழு விரும்பினால் எரியட்டும். ஆனால் அது கூட்டத்தின் தொடக்கமாக இருக்கக் கூடாது. வாசலில் நிற்கிற கிறிஸ்தவ நண்பரை நினைத்துப் பாருங்கள். வாரா வாரம் முதல் பத்து நிமிடம் அவர் வெளியாள். குடிநோயாளிக்கு வெளியாளாக நிற்பது பழகிப்போன ஒன்று. கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் அவரை ஓரமாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஓரம் இல்லாத ஓர் இடத்தைத் தேடித்தான் உங்களிடம் வந்தார். விளக்கேற்றித் திருநீறு பூச விரும்புகிறவர்கள் கூட்டத்துக்குக் கால் மணி நேரம் முன்னால் வந்து செய்துகொள்ளட்டும். எல்லாரும் சேர்ந்து செய்யும் தொடக்கம் எல்லாராலும் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். இரண்டு நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருப்பதும், ஒவ்வொருவரும் “இன்றைக்கு நான் குடிக்கவில்லை” என்று தன் பெயரோடு சொல்வதும் போதும். கல்லிடைக்குறிச்சியில் வேறொரு பொதுச் சொத்து இருக்கிறது: ஆறு. அக்ரஹாரத்துக்காரரும் வயல்காட்டுக்காரரும் மாதா கோயிலுக்குப் போகிறவரும் பள்ளிவாசலுக்குப் போகிறவரும் கடவுளே இல்லை என்பவரும் தாமிரபரணித் தண்ணீரைக் குடித்துத்தான் வளர்ந்தார்கள். ஒரு சொம்பில் தண்ணீர் வைத்து, ஒருவர் அடுத்தவருக்கு டம்ளரில் ஊற்றிக் கொடுப்பது என்று ஒரு வழக்கம் வைத்துப் பாருங்கள். ஊற்றிக் கொடுத்தே பழகிய கை, இந்த முறை தண்ணீர் ஊற்றிக் கொடுக்கிறது.

பெரியார் கொள்கைக்காரர் கேட்ட கேள்வி நியாயமானது. போய் அவரைக் கூப்பிடுங்கள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1939இல் தன் பன்னிரண்டு படிகளை அச்சிடுவதற்கு முன்பே கடவுள் நம்பிக்கை இல்லாத உறுப்பினர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதனால்தான் அவரவர் புரிந்துகொண்டபடியான கடவுள் என்று எழுத வேண்டியதாயிற்று. சிறைவாசி ஒருவரை இத்தகைய மதத்தன்மையுள்ள திட்டத்தில் சேரும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று நியூயார்க் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் 1996இல் தீர்ப்பே கொடுத்தது. சிகிச்சை வேண்டும் என்பவர் வழிபட்டால்தான் உள்ளே வரலாம் என்ற நிலை எந்த மையத்திலும் இருக்கக் கூடாது.

உங்களைப் பற்றியும் யோசியுங்கள், சகோதரி. மாலை போட்ட வீடுகளில் மாதவிலக்கான பெண்கள் ஒதுங்கி நிற்கும் வழக்கம் உண்டு. அந்த வழக்கம் குழு அறைக்குள் நுழைந்தால் ஆலோசகரான நீங்களே மாதத்தில் சில நாள் வெளியே நிற்க வேண்டிவரும். குடிக்கிற பெண் ஒருவர் நாளை உதவி கேட்டு வந்தால் அவருக்கும் இடமிருக்காது. கூட்டத்தை எந்தத் தெருவில், எந்தக் கோயில் மண்டபத்தில் வைக்கிறீர்கள் என்பதும் இப்படித்தான். ஒரு சாதிக்காரர் உரிமையோடும் இன்னொரு சாதிக்காரர் தயங்கியும் நுழைகிற இடமாக அது இருந்தால், தயங்கி நுழைகிறவர் வாயைத் திறக்கமாட்டார். பள்ளிக்கூட அறை, நூலகம், உங்கள் மையத்தின் கூடம் ஆகியவை போதும்.

சின்னங்களை ஒதுக்கச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவற்றைப் பேச்சுக்குள் கொண்டுவரச் சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தங்களைக் குடியிலிருந்து தடுக்கிற ஒரு பொருளை எல்லாரும் எடுத்துவரச் சொல்லுங்கள். ஒருவர் துளசிமாலை கொண்டுவருவார். ஒருவர் சிலுவை, ஒருவர் தஸ்பீஹ் மணிமாலை, ஒருவர் மகளின் பள்ளி அடையாள அட்டை, ஒருவர் பெரியார் படம். நடுவில் ஒரு ஜமுக்காளத்தில் எல்லாவற்றையும் வையுங்கள். பிறகு கேள்விகளைக் கேளுங்கள். இந்த மாலையை எப்போது கழற்றி வைப்பீர்கள், கழற்றிய கை அடுத்து எங்கே போனது? கையில் இருக்கிற கயிற்றை ஒரு நாளில் எந்த நேரத்தில் பார்க்கிறீர்கள்? கடையின் முன் நிற்கும்போது அது கண்ணில் பட்டதா, சட்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டீர்களா? கயிறு சாயம் போய் அறுந்து விழுந்தால் என்ன செய்வீர்கள்? இந்தப் பதில்களில்தான் சிகிச்சை நடக்கிறது. சட்டைக் கைக்குள் மறைத்ததை ஒருவர் சொல்லிவிட்டால், அன்று குழுவில் இன்னும் மூன்று பேர் சொல்வார்கள்.

நம் ஊருக்கே உரிய இரண்டு சிக்கல்களுக்கும் தயாராக இருங்கள். ஒன்று, கொடை என்னும் கோயில் திருவிழா. சுடலைமாடனைக் குலதெய்வமாகக் கும்பிடுகிற வீடுகளில் பல இடங்களில் படையலில் சாராயமும் உண்டு. “சாமி கொடுத்தது, வேண்டாம்னு சொல்லக்கூடாது” என்று ஒரு டம்ளர் நீளும். அதைத் தட்ட முடியாமல் விழுந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கொடைக்கு முந்தைய வாரமே அவர் குடும்பத்துப் பெரியவரிடமும் பூசாரியிடமும் பேசி, அவருக்கு இளநீரோ பானகமோ கொடுக்கச் சொல்லுங்கள்; கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். இரண்டாவது, கூட்டத்தில் யாருக்காவது சாமி வந்துவிடுவது. பயப்படாதீர்கள், கேலியும் செய்யாதீர்கள். அடிபடாமல் பார்த்துக்கொண்டு, தண்ணீர் கொடுத்து, அடங்கும்வரை கூட இருங்கள். ஆனால் அருள்வாக்காக “இவன் நேத்துக் குடிச்சான்” என்று அடுத்தவர் ரகசியத்தை உடைக்க அனுமதிக்காதீர்கள். யார் குடித்தார் என்று சொல்லும் உரிமை அவரவருக்கு மட்டுமே.

மருந்தைச் சாமியின் பெயரால் கொடுப்பதும் கூடாது. குடித்தால் வாந்தியும் படபடப்பும் வரவைக்கும் டைசல்ஃபிரம் மாத்திரையைப் பொடித்துப் பிரசாதத்திலோ சாம்பாரிலோ கலந்துகொடுக்கச் சொல்லி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். தெரியாமல் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். நோயாளிக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு, மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே அது தரப்பட வேண்டும். பக்தியின் பெயரால் கட்டிப்போடுவதும் அப்படியே. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகி இறந்தார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியிடுவதை முற்றாகத் தடை செய்திருக்கிறது. இதற்கு மாறாக, குஜராத்தில் உனாவா ஊரின் மீரா தாதார் தர்காவில் 2008 முதல் மனநல மருத்துவர்கள் வளாகத்திலேயே உட்கார்ந்து, துவா என்னும் பிரார்த்தனையும் மருந்தும் சேர்ந்தே நடக்கும்படி செய்திருக்கிறார்கள். தர்காவின் சடங்குகளை நடத்துகிற முஜாவர்களே நோயாளியை மருத்துவரிடம் அனுப்புகிறார்கள். குருசாமிகளோடு பேசச் சொன்னேனே, அதற்கு இதுவே முன்மாதிரி.

கடைசியாக, வர மறுக்கும் அந்த மனிதர். அவரை வேறு யாரும் அல்ல, மாலை போட்ட இன்னொரு உறுப்பினரே போய்க் கூப்பிடட்டும். மலைக்குப் போய் ஒரு முறை தவறியவரை மறு ஆண்டு சேர்க்கமாட்டேன் என்று எந்தக் குருசாமியும் சொல்வதில்லை என்பதை அவருக்கு நினைவூட்டட்டும். வந்ததும் பாவமன்னிப்பு, கற்பூரம் எதுவும் வேண்டாம். என்றைக்கு, எந்த நேரத்தில், யாரோடு, கையில் எவ்வளவு பணம் இருந்தபோது குடித்தார் என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள். மாலை கழற்றிய நாளிலிருந்து குடித்த நாள்வரை மணிக்கணக்காக அவர் சொல்வதுதான் அடுத்த கார்த்திகையில் மாலை போடப்போகிற எல்லாருக்கும் வேண்டிய பாடம். அவருக்கும் கயிறு கட்டுங்கள். முதல் நாளுக்கான கயிறு. ஒரு மாதம் ஆனவருக்கு மட்டும் கட்டுகிற வழக்கத்தை விட்டுவிடுங்கள். அதிகம் தேவைப்படுகிறவர் முதல் நாள்காரர்தான்.

அடுத்த கார்த்திகை வருமுன் உங்கள் குழுவில் மாலை போடுகிறவர்களின் பட்டியலை எடுங்கள். ஒவ்வொருவர் பெயருக்கு நேரேயும் அவர் மாலை கழற்றும் தேதியைக் குறித்து, அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு மையத்தில் கூட்டம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். மாட்டுப் பொங்கலன்றும் காணும் பொங்கலன்றும் கதவு திறந்திருக்கட்டும். நடுராத்திரியில் தவிப்பு வந்தால் அழைக்க, போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநல உதவி எண் 14416 இரண்டையும் ஒவ்வொருவர் கைபேசியிலும் பதிந்து கொடுங்கள். பெரியவரிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். கோயிலுக்கு வேன் பிடிக்க வைத்திருக்கும் பணத்தை அந்த வாரத்தின் சாயங்காலச் சாப்பாட்டுக்குக் கொடுக்கும்படி நான் கேட்டுக்கொண்டதாகச் சொல்லுங்கள்.